விறகடுப்பு வைக்கப் போகிறீர்களா? முதலில் புகையைப் பற்றிப் பேசுவோம்

என் அப்பத்தா ஐம்பது வருஷத்துக்கு மேல் விறகடுப்பில் சமைத்தவர். பீடி, சிகரெட் வாசனையே அவருக்கு ஆகாது. ஆனால் கடைசி ஏழெட்டு வருஷம் இன்ஹேலர் இல்லாமல் திண்ணையிலிருந்து கிணற்றடி வரைகூட அவரால் நடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் என்ன அடுப்பு?"

அதே வீட்டின் கொல்லையில் இப்போது நானும் ஒரு விறகடுப்பு வைத்திருக்கிறேன். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். உள்ளே கேஸ் இருக்கிறது. காப்பி, காலைப் பலகாரம் எல்லாம் அதில்தான். வெந்நீர் போட, நெல் அவிக்க, பொங்கல் வைக்க, ஆட்கள் கூடினால் பெரிய பானையில் சோறாக்க விறகடுப்பு. "அப்பத்தா பட்ட பாட்டைப் பார்த்துமா வைக்கிறாய்?" என்று அம்மா கேட்டார். புகையில்லாமல் எரிக்க முடியும், முடியாவிட்டால் இடித்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துத்தான் கட்டினேன். நான்கு வருஷமாகிறது, இடிக்கவில்லை.

கிராமத்து வீட்டுக்குத் திரும்புகிறவர்கள், தோட்ட வீடு கட்டுகிறவர்கள், கேஸ் விலையைப் பார்த்துவிட்டு இரண்டாவது அடுப்பு ஒன்று தேடுகிறவர்கள் பலர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, விறகு, கரி, வரட்டி, மண்ணெண்ணெய் அடுப்புகளால் வீட்டுக்குள் நிறையும் புகைக்கு 2020-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் பலியானார்கள். அதில் 2,37,000-க்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அதனால் எந்த அடுப்பு அழகு, எதில் குழம்பு ருசி என்பதெல்லாம் அப்புறம்.

புகை என்பது எரியாத விறகு

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். விறகு நேரடியாக எரிவதில்லை. சூடேறும்போது முதலில் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகிறது. பிறகு விறகிலிருந்து ஒரு வாயு கிளம்புகிறது. நாம் சுவாலை என்று பார்ப்பது அந்த வாயு எரிவதைத்தான். வாயு முழுவதும் வெளியேறிய பிறகு மிஞ்சுவது கரி. அது தணலாக, சுவாலையின்றி எரிகிறது. வாயு கிளம்பும் நேரத்தில் போதிய சூடும் காற்றும் இல்லையென்றால், எரியவேண்டிய அந்தப் பொருள் எரியாமலே மேலே போகிறது. அதுதான் புகை. அப்போதுதான் அணைந்த கொள்ளியிலிருந்து கெட்டியாக எழும் புகையில் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள், சில நேரம் புகையே குப்பென்று பற்றிக்கொள்ளும்.

ஆக, கண்ணைக் கரிக்கும் ஒவ்வொரு புகைச்சுருளும் நீங்கள் காசு கொடுத்து வாங்கி, வெட்டி, சுமந்து வந்த விறகு. புகை வருகிறதா? விறகு ஈரமாக இருக்க வேண்டும், அல்லது காற்று போதவில்லை, அல்லது நெருப்பு ஏதோ ஒன்றில் பட்டுக் குளிர்கிறது. இந்த மூன்றைத் தவிர நான்காவது காரணம் எனக்கு இதுவரை அகப்படவில்லை.

எங்கே வைப்பது

கொல்லையில், மேலே தகரமோ ஓடோ போட்டு, குறைந்தது இரண்டு பக்கம் திறந்திருக்கும் சாய்ப்பில் வையுங்கள். அதுதான் சரியான இடம். வீட்டுக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் புகைபோக்கி இல்லாமல் வைக்கவே வேண்டாம். எதிரெதிரே ஒரு சன்னலும் கதவும் திறந்திருக்க வேண்டும். கீற்றுக் கொட்டகைக்கும் வைக்கோல் படப்புக்கும் பக்கத்தில் வேண்டாம். ஒரு பொறி போதும். ஆடி மாதத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதை ஊரில் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு, அடுப்பின் வாய் நேராகக் காற்றைப் பார்க்காதபடி வையுங்கள். காற்று நேரே உள்ளே அடித்தால் சுவாலை பின்பக்கமாகச் சாய்ந்து, பானைக்குப் போகவேண்டிய சூடு சுவருக்குப் போய்விடும்.

எரிவாயு சிலிண்டர் இருக்கும் அறையில் விறகடுப்பு கூடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகப் பரவி நிற்கும். விறகடுப்பு எரிவதும் தரை மட்டத்தில்தான். இடம் இல்லை, ஒரே அறைதான் இருக்கிறது என்றால் விறகடுப்பை மறந்துவிடுங்கள்.

அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். உங்கள் புகை மேல்வீட்டுக் குழந்தையின் மூச்சுக்குள் போகும்.

எந்த அடுப்பு

மூன்று கல்லைக் கூட்டி எரித்தால் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் பானைக்குப் போகும். அவசரத்துக்கு, வெளியில் பொங்கல் வைக்க, அது போதும். வீட்டு அடுப்பாகப் போதாது.

கடையில் கிடைக்கும் இரும்பு அடுப்புகள் பெரும்பாலும் ராக்கெட் அடுப்பு வகை. முழங்கை மாதிரி வளைந்த எரிகுழாய், அதைச் சுற்றி வெப்பம் வெளியே போகாமல் தடுக்கும் அடைப்பு. கீழே படுக்கைவாட்டில் விறகு, மேலே பானை. இந்த வடிவத்தின் அடிப்படைகளை 1982-இல் வகுத்தவர் லாரி வினியார்ஸ்கி என்ற அமெரிக்கர். சின்னக் குடும்பத்துக்கு, வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு, தூக்கி நகர்த்த வேண்டியவர்களுக்கு இதையே சொல்வேன். வாங்கும்போது ஐ.எஸ். 13152 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2013-இல் வந்த அந்தத் தரத்தின்படி, சாதாரணக் காற்றில் எரியும் அடுப்பு விறகின் வெப்பத்தில் 25 சதவீதமாவது பானைக்குத் தர வேண்டும். சின்ன மின்விசிறி வைத்த அடுப்பு என்றால் 35 சதவீதம். புகைக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் அதிலேயே வரம்பு உண்டு. இவற்றுக்குப் புகைபோக்கி கிடையாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். புகை குறையும், இல்லாமல் போகாது. ஆகவே வெளியில்தான்.

மரத்தூள் அடுப்பு பழைய ஆட்களுக்குத் தெரியும். தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைப்பார்கள். மணிக்கணக்கில் ஒரே சீராக எரியும். பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை இருந்தால் செலவே இல்லை. ஆனால் அது சுவாலையைவிடக் கனலாகவே அதிக நேரம் எரிவது. திறந்தவெளிக்கு மட்டும்தான் சரி.

நிரந்தரமாக ஒரு வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்குப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு. இதற்கு நம் நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. 1950-களிலேயே ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லாச் சமையலறைக்காகப் புகைபோக்கி அடுப்பை வடிவமைத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1980-களில் உருவான 'ஆஸ்திரா ஒலே' மூன்று பாத்திரம் வைக்கும் மண் அடுப்பு. உள்ளே கம்பித் தட்டு, வாய்க்கு மூடி, பின்னால் புகைபோக்கி. 1983-இல் மத்திய அரசே மேம்பட்ட அடுப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கிக் கோடிக்கணக்கான வீடுகளில் கட்டிக் கொடுத்தது. 2002-இல் திட்டம் முடிந்தது. பல வீடுகளில் அந்த அடுப்பு சில வருஷம்கூட நிற்கவில்லை. விரிசல் விட்டதை யாரும் பூசவில்லை, குழாய் அடைத்துக்கொண்டதை யாரும் துடைக்கவில்லை. பழையபடி வாயை அகலமாக இடித்துக்கொண்டார்கள், புகையும் பழையபடி உள்ளே வந்தது. அடுப்பைக் கட்டுவது ஒரு நாள் வேலை, பார்த்துக்கொள்வது எல்லா நாளும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

மண் அடுப்பு கட்டுவது

கரையான் புற்று மண் கிடைத்தால் அதற்கு இணை இல்லை. முதலில் புற்றில் பாம்பு இல்லை என்று தெரிந்தவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கண்மாய்க் களிமண். கல், வேர் இல்லாமல் சலித்து, உமியோ நறுக்கிய வைக்கோல் கூளமோ தாராளமாகக் கலந்து, கொஞ்சம் சாணியும் சேர்த்து மிதித்து, இரண்டு மூன்று நாள் ஈரச் சாக்குப் போட்டுப் புளிக்க விடுங்கள். உமி வெடிப்பைத் தடுக்கும். அதைவிட முக்கியமாக, சூடு பட்டதும் உமி எரிந்து போய் மண்ணுக்குள் சின்னச் சின்ன வெற்றிடங்களை விட்டுச் செல்லும். அந்த மண் இலேசாகிவிடும், சூட்டைக் குறைவாகக் குடிக்கும். கெட்டியான கனத்த அடுப்பு முதல் அரைமணி நேரச் சூட்டைத் தானே விழுங்கிவிட்டுத்தான் பானைக்குத் தரும். 'நல்ல பலமாகக் கட்டுங்கள்' என்று சொல்லி நான் செய்த முதல் தவறு அதுதான். செங்கலும் சிமென்டுமாக ஒரு பாறையை எழுப்பிவிட்டோம். அடுத்த முறை செங்கலுக்கு உள்பக்கம் சாம்பலை அடைத்து, அதற்கு உள்ளே உமி மண் பூசினோம். வெந்நீர் கொதிக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

அளவுகளுக்கு வருவோம். உங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் பானையை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு கட்டுங்கள், டேப்பை நம்ப வேண்டாம். அடுப்பு வாய் உங்கள் விரித்த சாண் அளவுக்குள் இருக்கட்டும். பெரிய வாய் இருந்தால் பெரிய கட்டையைத் திணிக்கத் தோன்றும், குளிர்ந்த காற்றும் அளவுக்கு மேல் உள்ளே போகும். எரியும் இடத்தில், தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் தூக்கி ஓர் இரும்புக் கம்பித் தட்டு வையுங்கள். நம் பழைய அடுப்புகளில் இல்லாதது இதுதான். விறகு தட்டின் மேல் கிடக்கும், காற்று அடியிலிருந்து வரும், சாம்பல் கீழே விழும். இந்த ஒரு தட்டு என் அடுப்பில் பாதிப் புகையைக் குறைத்தது. தட்டுக்கும் பானையின் அடிக்கும் நடுவே ஆறு அங்குலம் போல இடைவெளி வேண்டும். சுவாலை வளர்ந்து எரிந்து முடிவதற்கான இடம் அது. இடைவெளி குறைந்தால் சுவாலை பாதி எரிகையிலேயே குளிர்ந்த பானையில் போய் மோதி அணையும். பானை அடியில் பிடிக்கும் கரி அப்படி வந்ததுதான்.

புகைபோக்கி உள்ள அடுப்பில் பானை குழிக்குள் பொருத்தமாக உட்கார வேண்டும். ஓரத்தில் சந்து இருந்தால் அதன் வழியே புகை கசியும். புகைபோக்கி இல்லாத அடுப்பில் நேர்மாறு. பானையைத் தாங்க மூன்று குமிழ் வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை வழி விட வேண்டும். இல்லாவிட்டால் நெருப்பு மூச்சு விடாது.

பின்னால் ஒரு கொடியடுப்பு கட்டாயம் வையுங்கள். முதல் பானையைத் தொட்டுப் போகும் சூடு இரண்டாவது குழியையும் சுற்றிவிட்டுத்தான் புகைபோக்கிக்குப் போக வேண்டும். சோறு வேகும் நேரத்தில் குளிக்கத் தண்ணீர் சும்மாவே காய்ந்துவிடும்.

புகைபோக்கிக்கு நான்கு அங்குலக் குழாய் போதும். சுட்ட மண் குழாய், செங்கல் கூண்டு, இரும்புக் குழாய் எதுவானாலும் சரி. பி.வி.சி. குழாய் கூடாது. எங்கள் வீட்டில் வேலைக்கு வந்தவர் மிச்சமிருந்த பி.வி.சி. துண்டு ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அது இளகி வளைந்து, வீடெங்கும் பிளாஸ்டிக் கருகிய நாற்றம். ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயும் வேண்டாம், அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. குழாய் நேராக மேலே போக வேண்டும். வளைவு தவிர்க்க முடியாவிட்டால் சாய்வான வளைவாக ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். முனை கூரை முகட்டைவிட இரண்டடியாவது உயரமாக நிற்கட்டும், மேலே மழைக்கு ஒரு தொப்பி. அடியில் கை நுழையும் அளவு ஓர் ஓட்டை விட்டு, செங்கல்லால் மூடி வையுங்கள். துடைக்கும்போது அந்த ஓட்டை இல்லையென்றால் அடுப்பையே இடிக்க வேண்டியிருக்கும்.

கட்டியதும் பற்றவைத்துவிடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு நாள் நிழலில் உலரட்டும். வெடிப்பு தெரிந்தால் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசுங்கள். முதல் இரண்டு நாள் சின்ன சுள்ளித் தீ மட்டும்.

விறகு

அடுப்பைவிட இதற்குத்தான் நீங்கள் அதிகம் மெனக்கெட வேண்டும். மோசமான அடுப்பில் காய்ந்த விறகை எரித்துவிடலாம், மிக நல்ல அடுப்பிலும் ஈர விறகை எரிக்க முடியாது.

அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 600 கிலோகலோரி வேண்டும். உலர்ந்த விறகு கிலோவுக்கு 4,000 கிலோகலோரிக்குக் கொஞ்சம் மேலே தரும். கணக்குப் போட்டால் பச்சை விறகு தன் வெப்பத்தில் ஏழில் ஒரு பங்கைத் தன்னிடமுள்ள தண்ணீருக்கே செலவழிக்கிறது. நட்டம் அதோடு நிற்காது. அந்த நீராவி நெருப்பைக் குளிர வைக்கிறது, குளிர்ந்த நெருப்பில் வாயு எரிவதில்லை. அதுதான் அந்த வெள்ளைப் புகை.

நல்ல வெயிலில் காய்ந்த விறகில் ஈரம் 15, 20 சதவீதத்துக்கு வந்துவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது 'டணக்' என்று ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அடங்கிவிடும். வெட்டு முகத்தில் நட்சத்திரம் போல வெடிப்புகள் ஓடியிருக்கும். பட்டை கையால் உரிந்து வரும். எரியும்போது மறுமுனையில் நுரை தள்ளினால், சீறினால், அந்தக் கட்டையை வெளியே இழுத்து வெயிலில் போட்டுவிடுங்கள்.

விறகு காய்வது வெட்டு முகத்தின் வழியாகவும் பிளந்த பக்கத்தின் வழியாகவும்தான், பட்டையின் வழியாக மிகக் குறைவு. ஆகவே தை, மாசியில் வெட்டியதும் பிளந்துவிடுங்கள். கட்டைவிரல் தடிமனிலிருந்து மணிக்கட்டுத் தடிமன் வரை போதும். குறுக்கும் நெடுக்குமாக, காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மட்டும் தகரம் போடுங்கள். நான்கு பக்கமும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூசணம் பூத்துவிடும். சித்திரை, வைகாசி வெயில் முழுக்கப் பட்டால் ஐப்பசி மழைக்குள் தயாராகிவிடும். அடுக்குக்கு அடியில் செங்கல் வைத்துத் தரையிலிருந்து ஓரடி தூக்கி வையுங்கள். சுவரிலிருந்தும் தள்ளி இருக்கட்டும், கரையான் வீட்டுக்குள் ஏறாது. விறகு எடுக்கும்போது கோலால் நாலு தட்டு தட்டிவிட்டு எடுங்கள். தேளுக்கும் பாம்புக்கும் விறகுக் குவியல் நல்ல இருப்பிடம். இருட்டில் கை விட வேண்டாம், டார்ச் எடுத்துப் போங்கள்.

எந்த மரம் என்றால், எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் வாழ்வதே அதை நம்பித்தான். நிலத்தடி நீருக்கும் மற்றச் செடிகளுக்கும் அது செய்யும் கேட்டை எல்லாரும் அறிவோம். ஆனால் விறகாக அது கெட்டி, நின்று எரியும், தணல் நீடிக்கும். அதை வெட்டி எரிப்பதில் எனக்கு மனக்கலக்கமே இல்லை. முள்ளுக்கு மட்டும் கனத்த செருப்பும் கையுறையும் வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் சவுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பக்கம் ரயில் என்ஜினுக்கு எரிபொருளாகவே சவுக்குத் தோப்புகளை வளர்த்தார்கள் என்றால் அதன் சூட்டைப் புரிந்துகொள்ளலாம். புளி, கருவேலம், வேம்பு எல்லாம் நல்லவை, காய்ந்திருந்தால். முருங்கையும் இலவும் சோற்றி மரங்கள், பஞ்சு போல எரிந்து போகும். தென்னை மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் பற்றவைக்க. கொட்டாங்குச்சி கடும் சூடு தரும். ஒன்றிரண்டாகப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் கரும்புகை வரும்.

எரிக்கக் கூடாதவையும் உண்டு. அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. அதன் குச்சியை அடுப்பில் மட்டுமல்ல, சுட்டுத் தின்னும் எதற்கும் கம்பியாகக்கூடப் பயன்படுத்தக் கூடாது. எட்டி மரமும் வேண்டாம். பெயின்ட் அடித்த பழைய கதவு, பிளைவுட், பால் கவர், சைக்கிள் டியூப் எதுவும் சமையல் நெருப்பில் வேண்டாம். சட்டென்று பற்றிக்கொள்ளும் என்று பால் கவரைக் கொளுத்தும் பழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அந்தப் புகையில்தான் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

பற்றவைப்பது

முதலில் தட்டுக்கு அடியிலுள்ள சாம்பலை வாரிவிடுங்கள். காற்று வரும் வழி அது. இரண்டு மெல்லிய கட்டையை ஒன்றுக்கொன்று நான்கு விரல் தள்ளிப் படுக்க வைத்து, நடுவில் தென்னோலைச் சோகையோ பன்னாடையோ ஒரு கைப்பிடி. அதன் மேல் பென்சில் தடிமன் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து. பற்றவைத்து, சுள்ளி நன்றாகப் பிடித்த பிறகுதான் அடுத்த கட்டை. பானையை உடனே ஏற்றாதீர்கள், இரண்டு நிமிஷம் அடுப்பு சூடாகட்டும். சூடான அடுப்புதான் புகைபோக்கியில் இழுப்பை உண்டாக்கும். மழைக்காலத்துக் காலையில் குழாய் ஜில்லிட்டுப் போய் புகை உள்ளே திரும்பினால், ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாயின் அடி ஓட்டைக்குள் காட்டுங்கள். குழாய் சூடேறியதும் புகை மேலே போகும்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் எதையும் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கங்கின் மேல் ஊற்றினால் ஆவியாகி, முகத்தோடு வெடித்துப் பற்றும். தீக்காயப் பிரிவுகளுக்கு ஆட்களை அனுப்பும் வேலைகளில் இதுவும் ஒன்று.

ஊதுகுழலால் ஊதுவதற்கும் முறை உண்டு. சுவாலையை ஊதினால் அணையும். அடியிலுள்ள கங்கை, தாழ்வாக, நீளமாக ஊத வேண்டும். மூச்சை இழுக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளுங்கள். சமைத்து முடிப்பதற்குள் நாலைந்து முறை ஊத வேண்டியிருந்தால் உங்கள் விறகில் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

எரியவிடுவது

புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு திணிப்பது. இரண்டு அல்லது மூன்று கட்டை, அவ்வளவுதான். கட்டைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும், ஆனால் முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்க வேண்டும். ஒற்றைக் கட்டை தனியாக எரியாது, நெருக்கித் திணித்த பத்துக் கட்டையும் எரியாது. முனை மட்டும் எரிய, எரிய எரியத் தள்ளிவிட்டுக்கொண்டே இருங்கள். கட்டையின் நடுப்பகுதி முழுவதும் சூடாகிவிட்டால் எல்லா வாயுவும் ஒரே நேரத்தில் கிளம்பி, காற்று போதாமல் புகையும். அதனால்தான் ராக்கெட் அடுப்புகளில் மெல்லிய விறகையே கேட்கிறார்கள்.

தீயைக் கூட்டவும் குறைக்கவும் இங்கே திருகு இல்லை. கூட்ட உள்ளே தள்ளு, குறைக்க வெளியே இழு. உலை கொதித்ததும் ஒரு கட்டையை வெளியே இழுத்துவிடுங்கள். கொதிக்கும் தண்ணீரை இன்னும் வேகமாகக் கொதிக்க வைத்தால் சோறு சீக்கிரம் வெந்துவிடாது, விறகுதான் போகும். முக்கால் வேக்காட்டில் கட்டைகளை எல்லாம் இழுத்துவிட்டு, மூடி போட்டு, தணலில் விட்டுவிடுங்கள். பருப்புக்கும் கோழிக்குழம்புக்கும் அந்தக் கடைசிக் கால் மணி நேரத் தணல்தான் ருசியைக் கொண்டுவருகிறது.

பாத்திரம் கனமாக இருக்க வேண்டும்: இரும்புச் சட்டி, வெண்கலப் பானை, மண்சட்டி, ஈயம் பூசிய பித்தளை. நான்ஸ்டிக் வேண்டாம். பிரஷர் குக்கரின் கைப்பிடி பக்கவாட்டுத் தீயில் கருகும், கேஸ்கெட் கெடும், அதுவும் வேண்டாம். ரசத்துக்கு ஈயச்சொம்பு இருந்தால் அதை விறகடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், ரசத்துக்கு மேலே தீ நக்கினால் சொம்பு வழிந்துவிடும். கழுவ வசதியாக, ஏற்றும் முன் பானையின் வெளிப்புறத்தில் சாம்பலையோ களிமண்ணையோ குழைத்து மெல்லியதாகப் பூசுங்கள். கரி அந்தப் பூச்சோடு போய்விடும்.

உடுத்தியிருப்பது பருத்தியாக இருக்கட்டும். நைலான் நைட்டி பற்றினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள். அடுப்பைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு கோடு போட்டு, குழந்தைகள் அதைத் தாண்டக் கூடாது என்று பழக்குங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் இருக்க வேண்டும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். இட்லி மாவு, இங்க், டூத்பேஸ்ட் எதுவும் பூச வேண்டாம். பெரிய காயம், முகத்தில், கையில் காயம் என்றால் உடனே 108.

அணைப்பது, சாம்பல், கரி

தண்ணீர் ஊற்றி அணைத்தால் மண் அடுப்பு வெடிக்கும். கட்டைகளை வெளியே இழுத்து, முனையை மணலில் குத்தித் தேய்த்தால் அணைந்துவிடும். மிஞ்சிய தணலை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள இரும்புச் சட்டியில் போட்டு இறுக மூடுங்கள். காற்று இல்லாமல் அணைந்து மறுநாள் நல்ல கரியாகக் கிடைக்கும், இஸ்திரிப் பெட்டிக்கோ குமுட்டி அடுப்புக்கோ ஆகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தணலில் புகை இல்லை என்பதால் அது தீங்கற்றது என்று நினைத்துவிடாதீர்கள். தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம், பிறகு நினைவு போய்விடும். கொடைக்கானல், ஊட்டி மாதிரிக் குளிர் ஊர்களில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தி வந்திருக்கிறது. குளிருக்கு, கொசுவுக்கு, ஈரத் துணி காய, பிள்ளை பெற்ற வீட்டில் சாம்பிராணிக்கு என்று எந்தக் காரணத்துக்காகவும் தணல் சட்டியை மூடிய அறையில் விட்டுவைக்காதீர்கள்.

சாம்பலுக்குள் கங்கு மறுநாள் வரைகூட உயிரோடு இருக்கும். அதை இரும்பு வாளியில் அள்ளி, மூடி, இரண்டு நாள் கழித்துத்தான் கொட்ட வேண்டும். குப்பைமேட்டில் சூட்டோடு கொட்டிப் படப்பு எரிந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆறிய சாம்பல் பாத்திரம் தேய்க்க, கத்தரிச் செடி இலைமேல் பூச்சிக்குத் தூவ, வாழைக்கு உரமாக ஆகும். ஏற்கெனவே உப்பும் காரமுமாக இருக்கும் நிலத்தில் அதிகம் போட வேண்டாம், சாம்பலும் காரத்தன்மை உடையதுதான்.

மாதம் ஒரு நாள்

தினமும் எரிக்கிறீர்கள் என்றால் மாதம் ஒருமுறை புகைபோக்கியைத் துடைக்க வேண்டும். நான் அமாவாசைக்கு முதல் நாளை வைத்துக்கொண்டேன், மறக்காமலிருக்க. அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அதற்கு மேலே சாக்குத் துணியையோ தேங்காய் நாரையோ குழாய்க்குப் பொருந்தும் அளவு பந்தாகச் சுற்றி, மேலிருந்து இறக்கி நாலைந்து முறை இழுக்க வேண்டும். முகத்துக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். கீழே விழும் கரியை அடி ஓட்டை வழியாக வாரிவிடலாம். அது உலர்ந்த தூளாக இருந்தால் நன்றாக எரிக்கிறீர்கள். பளபளவென்று தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் விறகு ஈரம். அந்தத் தார் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், உடனே சுரண்டி எடுத்தாக வேண்டும். கோடையில் எரிக்காமல் விட்டிருந்தால் தொப்பிக்குக் கீழே குருவி கூடு கட்டியிருக்கும், பற்றவைக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அன்றைக்கே கம்பித் தட்டு வளைந்திருக்கிறதா, உள் பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வெடிப்பில் தண்ணீர் தெளித்து, புற்று மண்ணும் சாணியும் குழைத்து விரலால் அழுத்திப் பூசி, மேலே ஈரத் துணியால் மெழுகிவிட்டால் போதும். நான் பூசி முடித்ததும் அம்மா வந்து தானும் ஒரு கை மெழுகுவார். பிறகு கூரைக்கு மேலே அண்ணாந்து பார்த்து, காலையில் எரித்தபோது குழாயிலிருந்து என்ன நிறத்தில் வந்தது என்று கேட்பார். பெரும்பாலான நாட்களில் வானம்தான் தெரிந்தது என்று சொல்கிறேன். தெரியாத நாளில் விறகடுக்கைப் பிரித்து மறுபடி வெயிலில் போடுகிறோம்.